வயிற்று வலி இல்லாத சீலியாக்கோடு குடும்பம் நடத்துவது

என் கணவருக்கு வயிற்று வலி கிடையாது. வயிற்றுப்போக்கு, உப்புசம் எதுவும் கிடையாது. ரத்தசோகை மட்டும் இருந்தது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. விழுங்குவதெல்லாம் எங்கேதான் போகிறது என்று யோசித்த ஒரு டாக்டர், டிடிஜி ஆன்டிபாடி (சீலியாக் இருந்தால் ரத்தத்தில் கூடும் எதிர்ப்புப் பொருள்) ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று உறுதியானது. அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது.

தொந்தரவு ஏதும் இல்லாத வியாதி நல்லதுதானே என்று பலர் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை அது நல்லதே இல்லை. ஒரு துண்டு கேக் சாப்பிட்டதும் இரவெல்லாம் வாந்தி எடுப்பவருக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம். அடுத்த தடவை கேக்கைப் பார்த்தாலே அவருக்குப் பயம் வந்துவிடும். சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர் ஒவ்வொரு தடவையும் தன் அறிவை மட்டும் நம்பி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பசியில், அசதியில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் அறிவு அவ்வளவு தூரம் கைகொடுப்பதில்லை.

நோய் இதுதான்: கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உள்சுவரில் பூந்துவாலையின் நூல் சுருள்கள் மாதிரி குடலுறிஞ்சிகள் நிமிர்ந்து நிற்கும். உணவின் சத்தை இழுப்பவை அவைதான். இந்தத் தாக்குதலில் அவை தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி எதுவும் சரியாக ஏறாது. சிலருக்கு வயிறு சத்தம் போடும், சிலருக்கு ரத்தமும் எலும்பும்தான் சொல்லும். உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. இன்றுவரை மருந்து கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விடுவது ஒன்றுதான் சிகிச்சை.

அந்தச் சிகிச்சையே ரொம்பப் பழசு இல்லை. 1920-களில் வாழைப்பழ உணவு என்று ஒன்றைச் சீலியாக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். குழந்தைகள் தேறின. பெருமை முழுக்க வாழைப்பழத்துக்குப் போனது, அந்த உணவில் கோதுமை இல்லாததுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமைதான் வினை என்று காட்டி 1950-இல் ஆய்வேட்டை முடித்தார். இதைப் படித்துவிட்டு என் கணவர், "நல்லவேளை, எனக்கு வாழைப்பழம் மட்டும்னு எழுதிக் கொடுக்கல" என்றார். நோய் தெரிந்த பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது.

அவரை அசைத்தது பயமுறுத்தல் இல்லை, கணக்கு. எலும்பு தேயும், குடலில் புற்றுநோய் வரலாம் என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். (அந்தப் புற்றுநோய் அபாயம் உண்மைதான், ஆனால் அரிது. அதை வைத்துத் தினமும் பயமுறுத்துவதில் அர்த்தமில்லை.) டயட்டீஷியன் வேறு மாதிரி பேசினார். 2007-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்த பெரியவர்களுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை 90 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அளவுக்கே குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. கோதுமை ரொட்டி ஒரு துண்டில் 2 கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் இருக்கும். அதன் நாற்பதில் ஒரு பங்குதான் 50 மில்லிகிராம். அதாவது துண்டு முழுக்கத் தின்ன வேண்டியதில்லை, அதிலிருந்து உதிரும் தூள் போதும். நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குச் சேதம் வருவதில்லை என்கிறார்கள். பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று போடப் பல நாடுகளில் உள்ள வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இவர் உடனே மனக்கணக்குப் போட்டார்: "அப்போ அந்த மாதிரிப் பண்டத்தை அரை கிலோ தின்னாத்தான் பத்து மில்லிகிராம் வரும்." அன்றைக்குத்தான் அவருக்கு நிம்மதி வந்தது. எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதைக் கண்டு வேண்டாம் என்பது அவர் கைக்கு வந்துவிட்டது. கணக்குப் பிடிக்காத ஆளுக்கு இது வேலை செய்யாது. ஒவ்வொருவருக்கும் பிடிபடுகிற காரணம் வேறு. அது எது என்று கண்டுபிடிப்பது கூட இருப்பவர் வேலை.

சமையலறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதில்தான் முழு மூச்சையும் செலவழிக்கிறார்கள். வீட்டின் பிரதான சாப்பாட்டை எல்லோருக்கும் குளூட்டன் இல்லாததாகவே ஆக்கிவிட்டோம். அரிசி, உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, பழம், பால் என்று இயல்பாகவே குளூட்டன் இல்லாதவற்றிலேயே ஒரு குடும்பம் தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளைகளின் ரொட்டியும் பிஸ்கட்டும் ஒரு தனி அலமாரிக்குப் போயின. அந்த அலமாரி கீழ்த்தட்டில் இருக்க வேண்டும், மேல்தட்டில் வைத்தால் தூள் கீழே இருப்பதன்மேல் கொட்டும். வெண்ணெய், ஜாம் இரண்டுக்கும் அவருக்கென்று தனி டப்பா. ரொட்டியில் தடவிய கத்தி திரும்பவும் உள்ளே போகிற இடம் அதுதான். கோதுமை பாஸ்தா வெந்த தண்ணீரில் அவருடைய பாஸ்தாவைப் போடுவதில்லை. மாவு பறக்கிற வேலை எதுவும் வீட்டில் கிடையாது. பாத்திரத்துக்குச் சோப்பும் தண்ணீரும் தாராளமாகப் போதும், எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சூடுபடுத்தினால் குளூட்டன் அழியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பொரித்த எண்ணெயில் கிருமி செத்துப்போகும், குளூட்டன் அப்படியே இருக்கும்.

லேபிள் படிப்பதற்கு ஆரம்பத்தில் நிறைய நேரம் பிடித்தது. கடையில் ஒரு சாஸ் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தை மொபைல் கேமராவில் பெரிதாக்கி, அவர் வாய்விட்டு வாசிப்பார். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "தண்ணீர், சோயா, கோதுமை…" அதோடு பாட்டில் திரும்ப அலமாரிக்குப் போகும். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுத்தது மால்ட். அது பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது, காலை உணவுச் செதில்களிலும் பானப் பொடிகளிலும் ஒளிந்திருக்கும். பீரும் பார்லிதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது, அதைச் சாப்பிடலாம். 'கோதுமை இல்லாதது' என்று போட்டிருந்தால் நம்பிவிடக் கூடாது, பார்லியோ ரையோ இருக்கலாம். ரவை, ஸ்பெல்ட், கூஸ்கூஸ், புல்கர் எல்லாம் கோதுமைதான். ஓட்ஸ் தனிக் கதை. அதன் புரதம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் வயலிலும் மில்லிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று சான்று உள்ள ஓட்ஸ் மட்டும்தான், அதையும் நோய் கட்டுக்குள் வந்த பிறகு டாக்டரைக் கேட்டுத்தான். மருந்து மாத்திரையை மருந்தாளரிடம் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும்.

வழக்கமாக வாங்கும் பொருளையும் அவ்வப்போது திருப்பிப் பார்க்க வேண்டும், தயாரிப்பாளர் சத்தமில்லாமல் கலவையை மாற்றிவிடுவார். மற்றபடி சில மாதங்களில் கை தானாகவே சரியான பாட்டிலுக்குப் போகும். வீட்டுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அப்புறமும் ஆன்டிபாடி எதிர்பார்த்தபடி இறங்கவில்லை.

டயட்டீஷியன் அவரிடம் ஒரு சின்ன வினாத்தாளைக் கொடுத்தார். ஏழே கேள்விகள். வீட்டுக்கு வெளியே சாப்பிடும்போது கடைப்பிடிக்க முடிகிறதா, கடந்த 4 வாரங்களில் எத்தனை தடவை தெரிந்தே குளூட்டன் சாப்பிட்டீர்கள் என்கிற மாதிரி. அவர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடிய உருப்படியான உதவி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். பிறகு அவரே காரில் சொன்னார்: ஆபீஸில் பிறந்தநாள் கேக், வாடிக்கையாளரோடு மதியச் சாப்பாடு, வெளியூர்ப் பயணத்தில் ராத்திரி வேறெதுவும் கிடைக்காமல் ஒரு சாண்ட்விச். "ஆசைப்பட்டு இல்ல. ஏன் சாப்பிடலன்னு ஒவ்வொருத்தருக்கும் கதை சொல்ல முடியல."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சீலியாக் உள்ள பெரியவர்கள் எவ்வளவு பேர் கட்டுப்பாட்டைச் சரியாகப் பின்பற்றுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வுக்கு ஆய்வு 42 முதல் 91 சதவீதம் வரை மாறியது. கட்டுப்பாடு நிலைப்பதற்கும் மனநிலை, சமூகச் சூழல், டயட்டீஷியனிடம் தொடர்ந்து போவது, நோயாளிகள் சங்கத்தில் சேர்வது இவற்றுக்கும் தொடர்பு இருந்தது. எங்கள் வீட்டில் இன்னொரு பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. பட்டியல் அவருக்கு மனப்பாடம்.

ஆகவே வழுக்குகிற இடங்களை எழுதினோம். குற்றப்பத்திரிகையாக இல்லை, எந்த இடம், எந்த நேரம், யார் கூட என்று மட்டும். எழுதிப் பார்த்தால் எல்லாம் நாலைந்து இடங்களில் அடங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் 'இப்படி நடந்தால், நான் இதைச் செய்வேன்' என்று ஒரே வரி. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் விளக்கிய முறை. நல்ல எண்ணம் இருந்தும் செயலில் தவறுகிறவர்களுக்கு, சூழ்நிலையையும் பதிலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக் கொடுப்பது. 'இனிமேல் கவனமாக இருப்பேன்' என்பது இதில் சேராது. அந்த நிமிஷத்தில் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

கேக் வெட்டினால், கையில் காபிக் கோப்பையோடு நிற்பேன். இது அவர் எழுதியது. கை காலியாக இருந்தால்தான் தட்டு வந்து சேரும் என்பது அவர் கண்டறிந்தது, எனக்குத் தோன்றியிருக்காது. மேசை டிராயரில் குளூட்டன் இல்லாத சாக்லேட் எப்போதும் இருக்கும், எல்லோரும் கேக் தின்னும்போது அவரும் எதையாவது தின்பார். யாராவது வற்புறுத்தினால் சொல்ல ஒரே வாக்கியம்: "டாக்டர் உத்தரவு, கோதுமை கூடாது, நீங்க சாப்பிடுங்க." அதற்கு மேல் விளக்கம் கிடையாது. விளக்க ஆரம்பித்தால் எதிராளிக்கு எதிர்வாதம் செய்ய இடம் கிடைத்துவிடும். அந்த வாக்கியத்தை வீட்டில் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகினார். முதலில் சிரிப்பாக இருந்தது. நான் விடாப்பிடியான சக ஊழியராக நடித்து, "சார், ஒரு துண்டு, சும்மா ஒரே துண்டு" என்பேன். பழகிய வாய்க்கு வார்த்தை தானாக வருகிறது.

உணவகத்துக்குப் போவதானால் கூட்டம் இல்லாத நேரத்தில் முன்னாடியே போன் செய்வார். 'குளூட்டன் இல்லாதது ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் இருக்கு சார் என்றுதான் பதில் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்: பொரிக்கிற எண்ணெயில் மாவு தோய்த்த பண்டமும் போடுவீர்களா? குழம்பையோ சூப்பையோ கெட்டியாக்க மாவு சேர்ப்பீர்களா? என் தட்டுக்குத் தனிப் பலகையும் வாணலியும் எடுக்க முடியுமா? பதில் சொல்பவர் சமையலறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்தால் நம்பலாம். எல்லாக் கேள்விக்கும் உடனே ஆமாம் போட்டால் அந்த இடம் வேண்டாம். சீலியாக் ஒவ்வாமை இல்லை, தன்னெதிர்ப்பு நோய் என்பது சரிதான், ஆனால் சர்வரிடம் அந்தப் பாடம் எடுப்பதில் பலனில்லை. அவருக்குப் புரிகிற சொல்லில் சொன்னால் போதும்.

பயணத்துக்கு விதி ஒன்றே ஒன்று: பசியோடு எங்கேயும் போய் இறங்கக் கூடாது. பையில் வறுத்த கொட்டைகள், பழம், ஒரு வேளைக்குத் தாங்கும் ஏதாவது இருக்கும். பாக்கெட்டில் வாங்கும் வறுத்த கொட்டைக்கும் லேபிள் பார்க்க வேண்டும், மசாலாவில் மாவு இருக்கலாம். அந்த ராத்திரிச் சாண்ட்விச்சுக்குக் காரணம் பலவீனமான மனசு இல்லை, காலிப் பை.

உறவுக்காரர்கள் விஷயம் எனக்குத்தான் அதிகத் தலைவலி. அத்தைக்கு மகன் முகத்தில் நோய் தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கான். ஒரு வாய் சாப்பிட்டா என்னம்மா ஆயிடும்?" என்று என்னிடம்தான் கேட்பார்கள், ஏதோ நான் பட்டினி போடுகிற மாதிரி. நான் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். ஒருநாள் அவரே அம்மாவிடம் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டி, ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று காட்டினார். "எனக்கு வலிக்காதும்மா. ஆனா உள்ள ரத்தம் ஏறாது." அத்தை அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அப்ப எதைப் போட்டுச் சமைக்கணும்னு எழுதிக் குடு" என்றார்கள். கூடாதவற்றின் பட்டியலைக் கொடுக்காமல் சமைக்கக்கூடியவற்றின் பட்டியலைக் கொடுத்தோம். விருந்துக்கு அழைப்பவர்களிடமும் இதுதான் எங்கள் வழி. "இதெல்லாம் எனக்கு ஆகாது" என்று பத்துப் பெயர் சொன்னால் அவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். "வெறும் சோறும் உப்பு மிளகு போட்ட மீனும் இருந்தால் போதும், மீதியை நாங்கள் கொண்டுவருகிறோம்" என்றால் அவர்களுக்கும் பாரம் இறங்குகிறது. நாங்கள் கொண்டுபோவதை அவர் முதலில் பரிமாறிக்கொள்வார். கரண்டிகள் இடம் மாறுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும்.

துணையாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காவல்காரர் வேலை பார்க்காதீர்கள். நாற்பது வயது மனுஷனிடம் "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று தினமும் விசாரித்தால் உண்மை வராது, பதில் மட்டும் வரும். எங்கள் ஏற்பாடு இது: அவர் தானாகச் சொன்னால் கேட்பேன், கேட்டபின் ஒரே கேள்வி, "அடுத்த தடவை அங்க என்ன செய்யலாம்?" முகம் சுளிக்க மாட்டேன். தவறுவது நடக்கும். தவறிய அன்று "எப்படியும் கெட்டுப்போச்சு, இந்த வாரம் போகட்டும்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய சேதம். அடுத்த வேளையிலிருந்து மறுபடி ஆரம்பித்தால் சரி.

மனசு விஷயத்தை லேசாக எடுக்கக் கூடாது. முதல் வருஷத்தில் அவர் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். சாப்பாடு இல்லாத நட்பு என்று ஒன்று கிடையாதோ என்று தோன்றும். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடு தளர்வது அதிகம் என்று டயட்டீஷியனும் எச்சரித்தார். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அதற்கும் டாக்டரைப் பார்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதிதான். "இதைவிடப் பெரிய வியாதியெல்லாம் இருக்கு" என்ற ஆறுதலை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

பலன் மெதுவாகத்தான் தெரியும். ஆன்டிபாடி இறங்கப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அது சரியான அளவுக்கு வந்துவிட்டாலும் குடல் முழுக்க ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரியவர்களுக்குக் குடல் ஆற நேரம் பிடிக்கும். 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 2 வருஷத்தில் மூன்றில் ஒருவருக்கும் 5 வருஷத்தில் மூன்றில் இருவருக்கும்தான் ஆறியிருந்தது. இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் "இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் என்ன பயன்" என்ற கேள்வி வரும். எங்களுக்கு முதலில் கண்ணுக்குத் தெரிந்தது மாடிப்படி. நடுவில் நிற்காமல் ஏற ஆரம்பித்தார். கூடவே எலும்பு அடர்த்திப் பரிசோதனை, இரும்பு, ஃபோலேட், பி12, வைட்டமின் டி அளவுகள் எல்லாம் பார்த்தார்கள். ஆரம்பத்தில் பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் பயப்பட வேண்டாம். சேதமான குடலால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முடியாது, ஆறியதும் பலருக்கு அது சரியாகிவிடும்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை: எடை கூடியது, மலச்சிக்கல் வந்தது. குடல் ஆற ஆற சத்து ஏறுகிறது, அது ஒரு காரணம். கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட் பலவற்றில் நார்ச்சத்து குறைவு, ஸ்டார்ச்சும் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம் என்பது இன்னொரு காரணம். விலையும் அதிகம். அவற்றை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு பருப்பு, காய், பழம், சிறுதானியம் பக்கம் திரும்பியதும் இரண்டும் சரியாயின. தானிய மாவுகளில் குளூட்டன் இல்லாதது என்று போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குகிறோம், மில்லில் கலப்பு ஏற்படும் என்பதால்.

கடைசியாகக் குடும்பத்தினர். சீலியாக் ரத்த உறவில் வருவது. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம், இவரைப் போலவே தொந்தரவே இல்லாமலும் இருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்குப் பார்த்தாகிவிட்டது, இப்போதைக்கு இல்லை, சில வருஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார் போன வாரம் போன் செய்து, "அண்ணி, நானும் இன்னைலேர்ந்து கோதுமையை விட்டுடறேன், அப்புறம் டெஸ்ட் எடுத்துக்கறேன்" என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். குளூட்டனை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் ஆன்டிபாடியும் குடலும் சரியாக இருப்பது போலவே காட்டக்கூடும், நோய் இருந்தாலும் தெரியாமல் போய்விடும். ரத்தம் கொடுக்கும் வரைக்கும் வழக்கம்போல ரொட்டி சாப்பிடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகிறாள்.